ஒரு தப்போடு உள்ளே வரவும்

மதியம் ஒன்றேகால் மணிக்கு டிப்போ காலியாகிவிடும். ஓடுகிற அறுபத்து நான்கு பேருந்துகளும் ரோட்டில் இருக்கும். தரையில் எண்ணெய்த் திட்டுகளும், சக்கரம் கழற்றிய ஒரு வண்டியும், அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெக்கானிக்கின் இரண்டு கால்களும்தான் மிச்சம். மறுபடி ஹாரன் சத்தம் கேட்க மூன்று மணி ஆகும். இடையில் உள்ள நேரத்துக்கு மாடியில் இருக்கும் டூட்டி அறை ஒருத்திக்கு மட்டும் சொந்தம். பதினோரு வருடமாக அப்படித்தான்.

டூட்டி போடுவதுதான் அவள் வேலை. எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர், யாருக்கு ஓய்வு, யாருக்கு லீவு, யாரையும் யாரையும் ஒரே வண்டியில் ஏற்றினால் வழியிலேயே சண்டை வரும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. டிப்போவில் அவளுக்கு டூட்டியம்மா என்று பெயர். இணையத்தில் ஏழரை என்று பெயர். இரண்டாவது பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களில் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

“உன் முகம் தெரியாத சொந்தக்காரங்க எல்லாம் சௌக்கியமா?” என்று அவளுடைய அக்கா போனில் கேட்பாள். கிண்டல்தான்.

“சௌக்கியம்தான்க்கா. ஒருத்தருக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு” என்று இவள் நிஜமாகவே பதில் சொல்வாள்.

அந்தச் சொந்தக்காரர்களில் மூத்தவரிடமிருந்து ஒரு திங்கட்கிழமை மதியம் கடிதம் வந்தது. அவர் பெயர் ஆணி. பதினைந்து வருடங்களுக்கு முன், கணினிக்கு நிரல் எழுதுகிறவர்கள் தமிழிலேயே பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று ‘கொட்டகை’ என்ற அந்த இணையக் குழுவைத் தொடங்கியவர். “வாசல நீங்க பாத்துக்கறீங்களா?” என்று கேட்டிருந்தார். வாசலைப் பார்ப்பது என்றால், புதிதாக வருகிறவர்களைப் படித்துப் பார்த்து உள்ளே விடுவது. கொட்டகையில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

படித்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த நிமிடமே கடிதத்தை மூடிவிட்டாள். ஏன் என்று சொல்ல, அவள் பென்சிலால் டூட்டி போட்டுக்கொண்டிருந்த காலத்துக்குப் போக வேண்டும்.

அப்போது டூட்டித் தாள் படுக்கை விரிப்பு அகலம் இருக்கும். மேசையில் விரித்தால் இரண்டு பக்கமும் தொங்கும். வாரா வாரம் அதில் நூற்று நாற்பது டிரைவர்களின் பெயரை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் தாளே கம்பளி மாதிரி நூல் பிரிந்து நிற்கும். அப்படி ஒரு வாரம், காலை ஏழரை மணிக்குக் கிளம்பும் இரண்டு வண்டிகளுக்கும் ஒரே டிரைவரின் பெயரை எழுதிவிட்டாள். பெரிய மீசைக்காரர். டிப்போ முழுக்க அவரை மீசை அண்ணன் என்றுதான் கூப்பிடும்.

அவர் படியேறி வந்து கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்: “ஏம்மா, நான் ஒரு வண்டியில ஏறிக்கறேன். இன்னொண்ணுல என் மீசைய உக்கார வெச்சிடட்டுமா?”

அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். கீழே இரண்டாவது வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் சிரிக்கவில்லை. மாற்று டிரைவர் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் பாதிப் பேர் மாடிக்கே வந்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பையை மேசைமேல் வைத்துவிட்டு ஒருவர், “பேர் எழுதறதுதானே உன் வேலை? அதுகூட வராதா?” என்று கத்தினார். கத்தியது பொறுக்கும். சத்தம் போடாமல் கிளை மேலாளர் சொன்னதுதான் பொறுக்கவில்லை. “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா டூட்டி போடறத வேற யார்கிட்டயாவது கொடுக்க வேண்டியிருக்கும்மா.”

அறையின் மூலையில் ஒரு கணினி இருந்தது. கடிதம் அடிக்க மட்டும் பயன்படுத்துவார்கள். மற்ற நேரத்தில் அதன்மேல் யாராவது தொப்பியைக் கழற்றி வைத்திருப்பார்கள். அன்று மதியம் தொப்பியை எடுத்து வைத்துவிட்டு அதன்முன் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள்: ‘ஒரே ஆள் இரண்டு இடத்தில் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி.’ என்னென்னவோ வந்தது. ஏழாவதாக வந்தது கொட்டகை.

பக்கத்தின் உச்சியில் கோணல்மாணலாக ஒரு கொட்டகைப் படம். அதன் கீழே, ‘மேலே ஒழுகும், தள்ளி உட்காரவும்.’ உள்ளே யாரோ அவள் கேட்ட மாதிரியே ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தேர்வு அறைக்கு ஆசிரியர்களைப் போடுகிற நிரல். ஒரே ஆசிரியர் இரண்டு அறையில் வராமல் பார்ப்பது எப்படி என்று கேள்வி. பதில்களின் முதல் வரிதான் தெரிந்தது. மீதியைப் படிக்க உள்ளே சேர வேண்டும். சேர்வதற்கு ஒரே ஒரு விதி.

‘உங்கள் படிப்பு வேண்டாம். வேலை வேண்டாம். ஊர் வேண்டாம். நிரல் எழுதும்போது நீங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லுங்கள், போதும். நாங்களும் சொல்லித்தான் வந்தோம். உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும். பொய்த் தப்பைச் சொல்லி வந்தவர் வெளியே.’

கீழே எல்லாருடைய தப்பும் வரிசையாக இருந்தது. அந்தப் பக்கத்துக்குத் தப்புச்சுவர் என்று பெயர். ஆணி என்கிறவர், சோதனைக்காக அடித்த ‘டேய் எழுந்திருடா’ என்ற செய்தியைத் தவறுதலாக நாலாயிரம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பியிருந்தார். அதில் இருநூறு பேர் ‘எழுந்துட்டேன்’ என்று பதில் போட்டிருந்தார்களாம். தூங்குமூஞ்சி என்கிறவர் அலாரம் எழுதி, காலையையும் மாலையையும் மாற்றிப் போட்டு, ஒரு விடுதி முழுவதையும் சாயங்காலம் ஆறு மணிக்கு எழுப்பியிருந்தார். அவள் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். காலையில் அத்தனை பேர் முன்னால் கூனிக் குறுகி நின்றவள், அன்றைக்கே சிரித்தாள். தப்பு செய்தவர்கள் இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசையில் நிற்பதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்த வரிசையில் தானும் நிற்க வேண்டும் போலிருந்தது. ஒரே சிக்கல், அவள் அதுவரை ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை. எழுதாதவள் எப்படித் தப்பாக எழுதியிருக்க முடியும்?

யோசித்துவிட்டு இப்படி அடித்தாள்: ‘பேருந்து டிப்போவில் டூட்டி போடும் நிரலில், ஒரே டிரைவரை ஒரே நேரத்தில் இரண்டு வண்டிக்குப் போட்டுவிட்டேன். ஒரு வண்டி போனது. இன்னொன்று நின்றது. நின்ற வண்டியில் இருந்தவர்கள் என்னைத் தேடி மாடிக்கே வந்தார்கள். டிரைவர் தன் மீசையை இரண்டாவது வண்டியில் உட்கார வைப்பதாகச் சொன்னார்.’

எல்லாம் நடந்ததுதான். ‘நிரலில்’ என்ற ஒரு சொல் மட்டும் பொய். தாளில் என்று இருந்திருக்க வேண்டும்.

பெயர் கேட்டது. ஏழரை என்று போட்டாள். ஐந்து மணிக்குக் கதவு திறந்துவிட்டது. முப்பது பேர் வந்து சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். “பேரே ஏழரையா, கொட்டகைக்கு நல்ல காலம்தான்” என்று ஒருவர். “அந்த மீசை அண்ணனுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்க” என்று இன்னொருவர். கடைசியாகத் தூங்குமூஞ்சி எழுதியிருந்தார்: “நிரலக் காட்டுங்க ஏழரை. எங்க இடறிச்சுன்னு எல்லாரும் சேர்ந்து பாப்போம்.”

அவள் யோசிக்கவே இல்லை. “ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கு, எடுத்துட்டு வரேன்” என்று அடித்துவிட்டாள்.

“அவசரமே இல்ல” என்றார் அவர்.

அந்த ‘அவசரமே இல்ல’தான் அவளைப் படுத்தியது. ஏன் இன்னும் காட்டவில்லை என்று நச்சரித்திருந்தால் ஓடிப்போயிருப்பாள். ஒருவரும் கேட்கவில்லை. நம்பிவிட்டார்கள். நம்பியவர்களிடம் காட்டுவதற்கு ஒரு நிரல் வேண்டும். அதுவும் சரியான நிரல் இல்லை. ஒரே டிரைவரை இரண்டு வண்டிக்குப் போடுகிற, அதே தப்பைச் செய்கிற நிரல்.

அதற்காகத்தான் அவள் நிரல் கற்றுக்கொண்டாள். நாற்பது வயதை எட்டிப்பிடிக்கப் போகிற நேரத்தில், முறையாக, அடியிலிருந்து, ஒரு தப்பை எழுதுவதற்காக.

மூன்று மாதம் ஆனது. தினமும் ஒன்றேகாலிலிருந்து மூன்று வரை. கொட்டகையின் பழைய கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்ததை டூட்டித் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தாள். முதல் நிரல் ஓடவே இல்லை. இரண்டாவது ஓடியது, அறுபத்து நான்கு வண்டிகளையும் மீசை அண்ணன் தலையிலேயே கட்டியது. மூன்றாவது யாருக்குமே வேலை கொடுக்கவில்லை, எல்லாருக்கும் ஓய்வு. நடுநடுவே கொட்டகையில் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டாள். எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வியாக இருந்தாலும் அரை மணியில் பதில் வந்தது.

அதுதான் கொட்டகை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யாராவது யாரையாவது ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்டுவிட்டால், கேட்டவர் தன்னுடைய இன்னொரு தப்பைச் சுவரில் எழுத வேண்டும். அதற்குப் பயந்தே எல்லாரும் நாக்கை அடக்கிக்கொண்டார்கள். அடக்கிப் பழகியதில் சுபாவமே அப்படி ஆகிவிட்டது. ‘புரியல’ என்பது அங்கே சாதாரணச் சொல். அதைச் சொன்னால் பதில் சொன்னவர்தான், “நான் சொன்ன விதம் சரியில்ல, வேற மாதிரி சொல்றேன்” என்பார். நிரல் ஒருவழியாக ஓட ஆரம்பித்ததும் கேட்டவர் ‘ஓடிடுச்சு!’ என்று போட வேண்டும். போட்டதும் அந்த நேரத்தில் யார் யார் இருக்கிறார்களோ அத்தனை பேரும் ‘ஓடட்டும் ஓடட்டும்’ என்பார்கள். யாரோ ஒருவரின் சின்னஞ்சிறு நிரல் எங்கோ ஒரு மேசையில் ஓடியதற்கு இத்தனை பேர் சந்தோஷப்படுவார்களா என்று அவளுக்கு ஆரம்பத்தில் ஆச்சரியமாக இருக்கும்.

தொண்ணூற்று மூன்றாவது நாள், அவளுடைய நாற்பத்தொரு வரி நிரல், ஏழரை மணி வண்டிகள் இரண்டுக்கும் மீசை அண்ணனைப் போட்டது. சரியாக இரண்டுக்கு மட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். வாழ்க்கையில் ஒரு தப்பு சரியாக வந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் அவளாகத்தான் இருக்கும். கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தாள். பதினொரு பேர் கூடினார்கள். இரண்டே நாளில் எங்கே இடறுகிறது என்று கண்டுபிடித்து, இனி ஒருபோதும் இடறாதபடி அவளையே சரிசெய்ய வைத்தார்கள். அந்த நிரல்தான் வளர்ந்து வளர்ந்து இன்றுவரை டிப்போவுக்கு டூட்டி போடுகிறது. பென்சிலுக்கும் ரப்பருக்கும் அன்றோடு ஓய்வு.

உண்மையைச் சொல்ல நல்ல தருணம் அதுதான். சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

அப்புறம் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஓடியது. மூன்றாவது வருடம் கடிகாரம் என்ற பெயரில் ஒருவர் சேர்ந்தார். நல்ல மனிதர், நிறையக் கேட்பார். அவர் சொல்லி வந்த தப்பு வேறு யாருடையதோ, அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. விதிப்படி ஆணி அவரை வெளியேற்றினார். கடிகாரம் போய்விட்டார். அன்று மதியம் ஏழரை கணினியை அணைத்துவிட்டு, பழைய டூட்டித் தாள்களை எடுத்து அடுக்கினாள். அதன்பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

அவர்களை விட்டுவிட முடியாது என்று அவளுக்குத் தெரிந்ததும் அதே காலத்தில்தான். அவளுடைய கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒருநாள் தேய்த்துக்கொண்டிருந்தபோது சில்லு தெறித்து வலது கண்ணில் பட்டது. ஆறு நாள் மருத்துவமனை. அவள் அங்கே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது டிப்போவிலிருந்து போன். நிரல் நின்றுவிட்டது, நாளைக்கு டூட்டி இல்லை. கையில் இருந்த போனில் கொட்டகையைத் திறந்து, டிப்போவின் போன் நம்பரோடு நாலே வரி எழுதினாள். பத்து நிமிடத்தில் தூங்குமூஞ்சி பதில் போட்டார்: “நீங்க அவரப் பாருங்க. பஸ்ஸ நாங்க பாத்துக்கறோம்.” பார்த்துக்கொண்டார்கள். நாலு பேர் முறை வைத்துக்கொண்டு, டிப்போ கிளார்க்கிடம் போனில் ஒவ்வொரு வரியாக அடிக்கச் சொல்லி, ஆறு நாளும் வண்டி கிளப்பினார்கள். நடுவில் ஒருவர், “கண்ணுக்கு என்ன சொட்டு மருந்து குடுக்கறாங்க? நேரத்துக்குப் போட ஒரு அலாரம் எழுதித் தரவா?” என்று கேட்டார். “தூங்குமூஞ்சிய மட்டும் எழுத விடாதீங்க” என்று இன்னொருவர் போட்டதைப் படித்து, அந்த பெஞ்சில், அந்த மருந்து வாசனையில், அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.

இப்போது தூங்குமூஞ்சிக்கு இடுப்புப் பிடிப்பு. அதிக நேரம் உட்கார முடியவில்லை. இத்தனை வருடம் வாசலைப் பார்த்தவர் அவர். அவருக்குப் பதிலாகத்தான் ஏழரையைக் கேட்கிறார்கள். வாசலில் உட்காருகிறவரின் தப்பைச் சுவரின் உச்சியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டிவைப்பது வழக்கம். ‘இவரும் இப்படித்தான் வந்தார்’ என்று மேலே எழுதி.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னாள். இரண்டு அறை வீடு. சைக்கிள் கடைக்கு மேலே. அவர் ஜன்னல் வெளிச்சத்தில் யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ திருகு போட்டுக்கொண்டிருந்தார்.

“பதினோரு வருஷம் கழிச்சு, ஒரே ஒரு வார்த்தைக்காகவா?”

“ஆமா.”

“சொன்னா தொரத்திடுவாங்களா?”

“கடிகாரத்த தொரத்தினாங்களே.”

“சொல்லலன்னா?”

“வாசல்ல உக்காந்து, வர்றவங்க சொல்றது பொய்யா நெஜமான்னு நான் பாக்கணும்.”

அவர் திருகை வாயில் கவ்விக்கொண்டு யோசித்தார். “அப்போ உக்காராத. முடியாதுன்னு சொல்லிடு.”

“காரணம் கேப்பாங்களே.”

“இடுப்பு வலின்னு சொல்லு.”

“அது தூங்குமூஞ்சியோட வலி. அதையும் நான் எடுத்துக்கணுமா?”

“சரி, கை வலி. முட்டி வலி. உடம்புல எத்தன எடம் இருக்கு.”

“இன்னொரு பொய்யா சொல்லச் சொல்றீங்க?”

“பொய் என்ன பொய், தினமும் என்கிட்ட வலிக்குதுன்னுதானே சொல்ற” என்றார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்தார். “நான் ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப நீ சிரிச்ச சத்தம் உள்ள வரைக்கும் கேட்டுது. புருஷன் கண்ணு போச்சோன்னு கெடக்கறேன், இவ சிரிக்கறாளேன்னு நெனச்சேன். அப்புறம் சிரிக்கறான்னா ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம்னு தோணிச்சு. அவங்கள விட்டுட்டு நீ என்ன பண்ணுவ?”

அவள் சோறு வடிக்க எழுந்தாள்.

மறுநாள் ஒன்றரை மணிக்குத் தப்புச்சுவரில், எல்லாரும் பார்க்கும்படி எழுதினாள். சுற்றி வளைக்கவில்லை. ‘நான் சேர்ந்தபோது சொன்ன தப்பில் நிரல் என்ற சொல் பொய். அது தாளில், பென்சிலால் செய்த தப்பு. அப்போது எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நீங்கள் காட்டச் சொன்னதால், பிறகுதான் கற்றுக்கொண்டு அந்த நிரலை எழுதினேன். கடிகாரம் போன அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். என்னை என்ன செய்கிறீர்களோ செய்யுங்கள். ஆனால் அவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள்.’ அனுப்பிவிட்டுக் கணினியைப் பார்க்காமல் இருக்கக் கீழே இறங்கிப் போய், மெக்கானிக்கின் கால்களிடம் பேச்சுக் கொடுத்தாள். அவர் வண்டியின் அடியிலிருந்தே, “இந்நேரத்துக்கு நீங்க கீழ வந்ததே இல்லியேம்மா, மேல பாம்பு கீம்பு வந்துடுச்சா?” என்றார்.

மூன்று மணிக்கு வண்டிகள் வந்துவிட்டன. இரண்டு கண்டக்டர்களுக்குள் சண்டை, ஒரு டிரைவருக்கு அவசர லீவு. ஐந்து மணிக்குத்தான் மேலே வந்து உட்கார முடிந்தது.

நூற்று எண்பது பேர் படித்திருந்தார்கள். முதல் ஆள், “இருங்க, தப்பு பண்றதுக்காக ஒருத்தர் நிரல் கத்துக்கிட்டாரா? எனக்கு மறுபடி சொல்லுங்க” என்று எழுதியிருந்தார். இரண்டாவது, “அந்த நிரலச் சரி பண்ண ரெண்டு நாள் தூங்கல நான். அது வேணும்னே பண்ணி வெச்ச தப்பா?” அதற்குக் கீழே அவரே, “நல்லாத்தான் பண்ணியிருந்தீங்க” என்று சேர்த்திருந்தார். ஒருவர் கோபமாகவே எழுதியிருந்தார். கடிகாரத்தின் நண்பர் அவர். அவள் அதை இரண்டு முறை படித்தாள். அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை.

கடைசியில் ஆணி. “கடிகாரத்துக்கு ஒண்ணு, ஏழரைக்கு ஒண்ணுன்னு ரெண்டு விதி வெச்சா இந்தக் கொட்டக ஒரு மழைக்குத் தாங்காது. சாயங்காலம் ஏழரையோட பேர எடுத்துடறேன். ஆனா வெளிய போனவங்க திரும்ப வரக்கூடாதுன்னு விதி எதுவும் இல்ல. கடிகாரத்துக்கு அத நான் சொல்லாம விட்டது என்னோட தப்பு, சுவர்ல எழுதிடறேன். ஏழரை, நெஜமா நடந்த ஒரு தப்போட வாங்க. தூங்குமூஞ்சி இன்னும் ஒரு வாரம் வாசல்லதான் படுத்திருப்பார்.”

ஆறு மணிக்கு அவள் பெயர் மறைந்தது. பதினோரு வருடமாக அவள் எழுதிய பதில்களின் மேலெல்லாம் ‘முன்னாள் உறுப்பினர்’ என்று ஆனது. எண்ணூற்றுச் சொச்சம் பதில்கள். கொஞ்ச நேரம் அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியாள் என்பதால் ஒவ்வொன்றிலும் முதல் வரி மட்டும்தான் தெரிந்தது.

கடிகாரத்துக்கு ஆணி கடிதம் போட்டார். அந்த முகவரி இப்போது இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. அது அப்படியே நின்றுவிட்டது.

புதன்கிழமை மதியம் ஏழரை விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். முதல் தடவை சொல்ல ஒரு தப்புகூட இல்லாமல் திண்டாடியவளுக்கு இப்போது வேறு திண்டாட்டம். எதைச் சொல்வது? எண்ணிப் பார்த்ததில் முப்பத்திரண்டு வந்தது, நல்ல பெரிய தப்புகள் மட்டும். அதில் போன மாதத்தியதை எடுத்தாள். மீசை அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். மாலை போட்டு, புகைப்படம் எடுத்து அனுப்பியாகிவிட்டது. அவள் நிரலில் அவர் பெயரை எடுக்க மறந்துவிட்டாள். மறுநாள் காலை நிரல் வழக்கம்போல அவருக்கு டூட்டி போட்டு, வழக்கம்போல அவர் போனுக்குச் செய்தி அனுப்பியது. அவர் வழக்கம்போல வந்து வண்டியை எடுத்தார். நாலு நாள். ஐந்தாம் நாள் கிளை மேலாளர் வாசலில் பார்த்துவிட்டு, “நீங்க எங்க இங்க?” என்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“ஏண்ணே, உங்களுக்காவது தெரிய வேணாமா?” என்று இவள் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

“எனக்கு ஏம்மா தெரியாம? வீட்ல ஒரு ராத்திரி இருந்து பாத்தேன். உன் கம்ப்யூட்டருக்காவது என் அருமை தெரிஞ்சிருக்கேன்னு கிளம்பி வந்துட்டேன்” என்றார் மீசை அண்ணன்.

இதை அப்படியே எழுதி அனுப்பினாள். நாற்பது நிமிடத்தில் கதவு திறந்தது. வாசலில் படுத்திருந்தவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: “சிரிச்சதுல இடுப்பு மறுபடி பிடிச்சிக்கிச்சு. உள்ள போங்க.”

பெயர் அதே ஏழரை. ஆனால் பக்கத்தில் பச்சை எழுத்தில் ‘புதியவர்’. சேர்ந்த நாள்: இன்று. வாசலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். அவளைக் குத்தியது வேறு. புதியவர்கள் முதல் முப்பது நாள் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. யாரோ ஒருவர் டூட்டி மாதிரியே ஏதோ கேட்டிருந்தார். பதில் அவள் நாக்கு நுனியில் நின்றது. அடிக்கப் போனால் கட்டமே திறக்கவில்லை. பழையவர்கள் தனியாக எழுதிக் கேலி செய்தார்கள். “என்ன புதுசு, கொட்டக பிடிச்சிருக்கா? வழி தெரியலன்னா கேளுங்க.”

இரண்டு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், கேள்விதானே கேட்கலாம் என்று ஒன்றைக் கேட்டாள். எட்டு வருடமாகக் கைப்பழக்கத்தில் எழுதிவருகிற ஒரு வரி. அதை எழுதினால் நிரல் வேகமாக ஓடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், ஏன் என்று தெரியாது. நடுவில் கேட்டிருக்கலாம். ஆனால் எண்ணூறு பதில் சொன்னவள் எந்த முகத்தோடு கேட்பது?

இஸ்திரி என்ற பெயரில் ஒரு பெண் பதில் எழுதினார். சலவைக் கடை வைத்திருப்பவர், சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஏழரை யார் என்று அவருக்குத் தெரியாது. பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டு ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்தார். “பயப்படாதீங்க, நானும் இப்பதான் கத்துக்கறேன். எங்க கடையில முந்நூறு துணி தொங்குது. ஒருத்தர் சட்டைய ஒவ்வொண்ணா பொரட்டித் தேடினா சாயங்காலம் ஆகிடும். அதனால சீட்டு நம்பர் பாத்தா எந்தக் கம்பி, எத்தனாவது கொக்கின்னு ஒரு நோட்டுல தனியா எழுதி வெச்சிருக்கோம். நீங்க கேட்ட வரி அந்த நோட்டு. துணியத் தேடாது, நோட்டத் தேடும். புரியலன்னா கேளுங்க, இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

பழையவர்கள் பலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பக்கத்தின் ஓரத்தில் தெரிந்தது. ஒருவரும் குறுக்கே வரவில்லை. ஏழரை மூன்று முறை படித்தாள். எட்டு வருடமாக அவள் நாளொன்றுக்கு இருபது தடவை அடித்த வரி. அது ஒரு நோட்டு என்று இன்றுதான் தெரிந்தது.

“புரிஞ்சிடுச்சுங்க. ரொம்ப நன்றி” என்று அடித்தாள்.

“ஓடட்டும் ஓடட்டும்” என்றார் இஸ்திரி.

கீழே முதல் வண்டியின் ஹாரன் கேட்டது. அவள் ஒரு பழைய டூட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, இத்தனை வருடம் கேட்க வெட்கப்பட்டு விட்டுவைத்ததையெல்லாம் வரிசையாக எழுத ஆரம்பித்தாள். பக்கம் பாதி நிறைந்ததும் எண்ணிப் பார்த்தாள். பச்சை எழுத்து போய் மறுபடி பழையவள் ஆக இன்னும் இருபத்தேழு நாள்தான் இருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட முடியுமா என்பதுதான் இப்போது அவளுடைய கவலை.